வேடர் கழுத்துல கிடந்த கயிறு: வாசகர் கேள்வி - பதில்

போன இதழ்ல ஒருத்தர் "சயின்ஸ் ஃபிக்ஷன் வில்லன்கள்ல யாரைப் பாத்தா உங்களுக்கு பாவமா இருக்கும்"னு கேட்டிருந்தார். நான் இடம் இல்லாததால "டார்த் வேடர், ஏன்னா அவன் சாகுற வரைக்கும் அடிமையாவே இருந்தான்"னு ஒரே வரியில முடிச்சுட்டேன். அந்த ஒரு வரிக்கு வந்த மெயிலும் கடிதமும் இன்னும் நிக்கல, பாதி பேர் கோவமா எழுதியிருக்காங்க, பாதி பேர் விளக்கமா சொல்லுங்கன்னு கேட்டிருக்காங்க. அதனால இந்த தடவை முழுக்க ஸ்டார் வார்ஸ்தான், அதுலயும் வேடர் மட்டும்தான். படம் பாக்காதவங்களுக்காக தேவையான இடத்துல கதையையும் சொல்லிடறேன்.

கேள்வி: கேலக்ஸியையே நடுங்க வச்சவன், பேரரசருக்கு அடுத்த இடத்துல இருந்தவன். அவனைப் போய் அடிமைன்னு எந்த அர்த்தத்துல சொல்றீங்க?

பதில்: நேரடி அர்த்தத்துலதான் சொல்றேன். வேடரோட பழைய பேர் அனாகின் ஸ்கைவாக்கர். 1999ல வந்த முதல் எபிசோட்ல அவனுக்கு ஒன்பது வயசு (1977ல இருந்து 1983 வரைக்கும் வந்த மூணு படமும் கதைப்படி இதுக்கெல்லாம் பின்னாடி நடக்கிறது). டாட்டூயின்னு ஒரு பாலைவன கிரகம், அங்க அவனும் அவன் அம்மா ஷ்மியும் அடிமைங்க. மூணு வயசுல அங்க வந்ததா அவனே சொல்றான், மொதல்ல கார்டுல்லான்னு ஹட்ங்கற வேற்றுகிரக இனத்துக்காரி கிட்ட இருந்திருக்காங்க, அவ ரேஸ் பந்தயத்துல தோத்துப்போய் இவங்களை வாட்டோங்கற பழைய சாமான் கடைக்காரன்கிட்ட குடுத்துட்டா. தப்பிச்சு ஓடினா வெடிக்கிற மாதிரி அடிமைங்க உடம்புக்குள்ள ஒரு கருவி வச்சிருப்பாங்க, அது தன் உடம்புல எங்க இருக்குன்னு கண்டுபிடிக்க ஸ்கேனர் ஒண்ணு செஞ்சுட்டு இருக்கேன்னு சாப்பிடுற மேஜையில உக்காந்து அந்தப் பையன் சாதாரணமா சொல்லுவான். எனக்கு மொத்த ஸ்டார் வார்ஸ்லயும் மனசை பிசையற வசனம் அதுதான்.

அடுத்து அந்த பகடை சீன். க்வை-கான் ஜின்னு ஒரு ஜெடாய், அதாவது ஃபோர்ஸ்ங்கற மாய சக்தியை நல்லதுக்கு பயன்படுத்துற துறவி வீரர், அங்க வர்றார், வாட்டோகிட்ட பந்தயம் கட்றார், பையனையும் அம்மாவையும் சேத்து கேக்குறார், ஒரு ரேஸ் வண்டிக்கு ரெண்டு அடிமையெல்லாம் கட்டுபடியாகாது ஒண்ணுதான்னு வாட்டோ சொல்லிடறான். அந்த வண்டியே பையன் தன் கையால செஞ்சது, அது வேற விஷயம். சரி யாரை விடுறதுன்னு முடிவு பண்ண ஒரு பகடையை எடுக்கிறான், நீலம் விழுந்தா பையன், சிவப்பு விழுந்தா அம்மா. பகடை உருண்டு சிவப்புல நிக்கப் போகுது, க்வை-கான் லேசா விரலை அசைக்கிறார், நீலமா மாறிடுது. படத்துல ரெண்டு மூணு செகண்ட்தான் அந்த சீன். ஆனா பின்னாடி நடக்கிற அத்தனைக்கும் அங்கதான் விதை விழுந்துச்சுன்னு நான் நினைக்கிறேன். அம்மா விடுதலையாகுறதா மகன் விடுதலையாகுறதான்னு ஒரு நல்ல மனுஷன் முடிவு பண்றார், ஜெடாய்களுக்கு உபயோகப்படுறவன் மகன், அதனால மகன். பையன் ரேஸ் ஜெயிச்சதும் அம்மாவும் வர்றாங்களான்னுதான் மொதல்ல கேக்குறான். முயற்சி பண்ணேன், வாட்டோ ஒத்துக்கலைன்னு பதில் வருது.

அதுக்கப்புறம் அவன் வாழ்க்கையில மாஸ்டர்ங்கற வார்த்தை மட்டும் மாறவே இல்ல. நாம எஜமான்னு ஒரு வார்த்தை வச்சிருக்கோம், குருன்னு வேற ஒரு வார்த்தை வச்சிருக்கோம், ரெண்டையும் யாரும் குழப்பிக்க மாட்டோம். இங்கிலீஷ்ல அடிமைய வச்சிருக்கிறவனும் மாஸ்டர், பாடம் சொல்லித் தர்றவரும் மாஸ்டர், ஜெடாய்க்கு எதிரியான சித் கூட்டத்துத் தலைவனும் மாஸ்டர். அந்தப் பையன் வாட்டோவை விட்டு வந்து ஜெடாய் மாஸ்டர்கிட்ட சேந்தான், ஜெடாயை விட்டு சித் மாஸ்டர்கிட்ட போனான், நடுவுல ஒரே ஒரு நாள்கூட மாஸ்டர் இல்லாம இருந்ததே கிடையாது. பின்னாடி பேரரசர் ஆகுற பல்படீன்தான் அந்த சித் மாஸ்டர், அவர் அவனை சேத்துக்கிட்டதும் மொதல்ல என்ன பண்றார்? பேரை மாத்துறார். விலைக்கு வாங்கின ஆளுக்கு எஜமான் பேர் வைக்கிற மாதிரிதான் டார்த் வேடர்ங்கற பேர் அவனுக்கு வந்துச்சு.

நான் சும்மா பொருத்திப் பாக்குறேன்னு நினைக்காதீங்க, 1977ல வந்த முதல் படத்துலயே இது இருக்கு. இளவரசி லேயாவை பிடிச்சுக் கொண்டு வர்றாங்க, அவ கவர்னர் டார்க்கினைப் பாத்து வேடரோட கழுத்துக் கயித்தை நீதான் பிடிச்சிருப்பேன்னு எனக்கு தெரியும்ங்கற மாதிரி முகத்துக்கு நேரா சொல்றா. நாயைக் கட்டுற கயிறுங்க அது. அதே படத்துல தன் பழைய குரு ஓபி-வானை பாத்ததும் வேடர் பெருமையா சொல்றது, உன்னை விட்டுப் போனப்ப நான் மாணவன், இப்ப நான்தான் மாஸ்டர்னு. எத்தனை வருஷத்து ஏக்கம் அது! 1980ல வந்த படத்துல பேரரசர் உருவம் முன்னாடி ஒரு முட்டி போட்டு என்ன உத்தரவு மாஸ்டர்னு கேக்குறான். 1983ல மகன் லூக் எதிர்ல நின்னு என்கூட வந்துடுங்க அப்பான்னு கூப்பிடுறான், அதுக்கு அவன் சொல்ற பதில், நான் என் மாஸ்டர் சொல்றதை கேட்டே ஆகணும். முடியலடா மகனேன்னு சொல்ற ஒரு அடிமை குரல்தான் எனக்கு அதுல கேக்குது.

கேள்வி: மூணாவது எபிசோட்ல அவன் மாறுறது நம்புற மாதிரியே இல்லையே. பொண்டாட்டி சாகுற மாதிரி கனவு வந்துச்சாம், உடனே ஜெடாய் கோயில்ல இருந்த குழந்தைங்களை வெட்டப் போயிட்டானாம். திரைக்கதை ஓட்டைதானே?

பதில்: 2005ல மொத தடவை பாத்தப்ப எனக்கும் அப்படித்தான் தோணுச்சு. ஆனா அந்தக் கனவு மொத கனவு இல்லைங்கறதை மறந்துட்டு பாத்தா மட்டும்தான் அது ஓட்டை. அதுக்கு முந்தின படத்துல, 2002ல வந்தது, அவனுக்கு பத்தொம்பது இருபது வயசு இருக்கும், அம்மா வலியில துடிக்கிற மாதிரி திரும்பத் திரும்ப கனவு வருது. ஓபி-வான்கிட்ட சொல்றான், கனவு வரும் போகும்னு அவர் சொல்றார். கடைசியில மனசு கேக்காம டாட்டூயின் போறான். அம்மாவை ஒரு விவசாயி விலைக்கு வாங்கி விடுதலை பண்ணி கல்யாணமும் பண்ணிக்கிட்டார், ஆனா டஸ்கன்ங்கற பாலைவனக் கொள்ளைக் கூட்டம் அவங்களை தூக்கிட்டுப் போய் ஒரு மாசம் ஆச்சு. தேடிப்போன முப்பது பேர்ல நாலு பேர்தான் திரும்பினாங்க. இவன் தனியா போய் கண்டுபிடிக்கிறான், கட்டை அவுக்கிறான், அம்மா மகன் முகத்தை தடவிப் பாத்துட்டு பேசி முடிக்கறதுக்குள்ள மடியிலயே உயிரை விட்டுடறாங்க. ஒரு வாரம் முன்னாடி வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்னு அவனுக்கு தோணியிருக்காதா? கனவை நம்பாம பேசாம இருந்ததுக்கு அவன் குடுத்த விலை அம்மாவோட உயிர்.

இப்ப மூணு வருஷம் கழிச்சு அதே மாதிரி கனவு, இந்த தடவை அவன் மனைவி பத்மே, பிரசவத்துல. அவன் இடத்துல இருந்து யோசிச்சுப் பாருங்க. எல்லாருக்கும் அது வெறும் கனவு, அவனுக்கு அது ஒரு தடவை நடந்து முடிஞ்ச விஷயம். போன வாரம் வந்த ஒரு கடிதத்தை இங்க சொல்லணும், அந்த வாசகர் பேர் வேண்டாம்னு கேட்டுக்கிட்டார். மனைவிக்கு மொத பிரசவத்துல ரத்தப்போக்கு நிக்காம உயிர் போய் வந்துச்சாம், ரெண்டாவது தடவை கர்ப்பம்னு தெரிஞ்ச நாள்ல இருந்து அவர் தூங்கலையாம், அந்த மாசங்கள்ல எவனாவது வந்து இதை செஞ்சா அவ பொழச்சுக்குவான்னு சொல்லியிருந்தா என்ன ஏதுன்னு கேக்காம செஞ்சிருப்பேன், அப்பதான் அனாகின் எனக்கு புரிஞ்சான்னு எழுதியிருக்கார். இதுக்கு மேல நான் என்ன விளக்கம் சொல்ல.

பல்படீன் வலை விரிக்கிறதும் இந்த பயத்து மேலதான். ஓபரா அரங்கத்துல உக்காந்து ப்ளேகஸ்னு ஒரு பழைய சித் கதை சொல்றார், வேண்டப்பட்டவங்களை சாவுல இருந்து காப்பாத்துற சக்தி அவருக்கு இருந்துச்சுன்னு. அதைக் கத்துக்க முடியுமான்னு அனாகின் கேக்குறான், ஜெடாய்கிட்ட கத்துக்க முடியாதுன்னு பதில். அப்புறம் அவன் மண்டி போட்டு அடிமையா சேந்ததுக்கு பின்னாடி அதே பல்படீன் சொல்றதை கவனிச்சீங்களா? சாவை ஜெயிச்சது ஒரே ஒருத்தர்தான், நாம ரெண்டு பேரும் சேந்து தேடினா அந்த ரகசியத்தை கண்டுபிடிச்சுடலாம்னு சொல்றார். அதாவது சரக்கே கையில இல்ல. முழுப் பணத்தையும் வாங்கிட்டு அப்புறமா பொருளை சேந்து தேடுவோம்னு சொல்ற வியாபாரம் அது. அந்த இடத்துல திரும்பிப் போக அவனுக்கு வழியும் இல்ல, ஏன்னா பல்படீனை வெட்டப் போன ஜெடாய் பெரியவர் மேஸ் விண்டுவோட கையை வெட்டினது அவன்தான், விண்டு ஜன்னல் வழியா விழுந்து செத்தாச்சு, நான் என்ன பண்ணிட்டேன்னு அவன் வாயிலயே வந்தாச்சு.

இன்னொண்ணு, பலர் மறந்துடறது. பல்படீன்தான் சித்னு ஜெடாய்கிட்ட போய் சொன்னதே அனாகின்தான். சரியானதை செஞ்சான். விண்டு அவனை ஜெடாய் பெரியவங்க கூடுற கவுன்சில் அறையில உக்கார சொல்லிட்டு போயிட்டார். சூரியன் சாயுற நேரம், அந்த காலி அறையில இவன் தனியா, நகரத்தோட அந்தப் பக்கம் ஜன்னல்ல பத்மே, ரெண்டு பேருக்கும் வசனமே கிடையாது, ஜான் வில்லியம்ஸோட இசை மட்டும் ஒரு பெண் குரல்ல இழையும். அவன் கண்ணுல இருந்து தண்ணி வழியும். நல்லவனா இருந்தா அவ செத்துடுவாங்கற கணக்கை அவன் போட்டு முடிக்கிற நிமிஷம் அது. அந்த நேரத்துல தோள்ல கை வைக்க அந்த கட்டடத்துல ஒரு ஆள் இருந்திருந்தா கதையே வேறங்க.

கேள்வி: என்னதான் சொன்னாலும் குழந்தைங்களை கொன்னவன். அவனுக்கு வக்காலத்து வாங்குறது எனக்கு அருவருப்பா இருக்கு. நான் ஒரு ஆசிரியை, அந்த சீனுக்கு அப்புறம் படத்தையே நிறுத்திட்டேன்.

பதில்: டீச்சர், உங்க கோவத்துல ஒரு துளி கூட தப்பில்ல, அந்தக் கொலைக்கு என்கிட்ட சமாதானம் கிடையாது, யாராவது சமாதானம் சொன்னா நானும் கேக்க மாட்டேன். நீங்க நிறுத்தின இடத்துல இருக்கிற ஒரே ஒரு வரியை மட்டும் சொல்றேன். ஒளிஞ்சிருந்த பிள்ளைங்க இவனைப் பாத்ததும் வெளிய வருதுங்க, ஒரு சின்ன பையன் முன்னாடி வந்து மாஸ்டர் ஸ்கைவாக்கர், அவங்க நிறைய பேர் இருக்காங்க, நாங்க என்ன பண்றதுன்னு கேக்குறான். அந்தப் படத்துல கொஞ்ச நேரம் முன்னாடிதான் கவுன்சில் இவனுக்கு இடம் குடுத்துட்டு மாஸ்டர் பட்டம் கிடையாதுன்னு எல்லார் முன்னாடியும் சொல்லியிருக்கும். அவன் ஆசைப்பட்ட அந்த வார்த்தையை முழு நம்பிக்கையோட சொல்லி கூப்பிட்ட குழந்தையைத்தான் அவன் வெட்டினான். எழுதும்போது எனக்கே கை நடுங்குது.

டஸ்கன் விஷயத்தையும் இங்கயே சொல்லிடறேன், ஏன்னா இதுக்கு ஒத்திகை அங்கதான் நடந்துச்சு. அம்மா செத்த ராத்திரி அந்த முகாம்ல ஆம்பளைங்களை மட்டும் இல்ல, பொம்பளைங்க, குழந்தைங்க எல்லாரையும் கொன்னுட்டேன்னு அவனே பத்மேகிட்ட அழுதுகிட்டே சொல்றான். கோவம் வர்றது மனுஷ இயல்புங்கற மாதிரி அவ ஆறுதல் சொல்றா. பிரியத்துல சொன்னதுதான், ஆனா அதோட அது முடிஞ்சு போச்சு, யாரும் விசாரிக்கல, யாரும் தண்டிக்கல, அவன் மறுநாள் வேலைக்கு போயிட்டான். கொலை பண்ணினவனுக்கு அன்னைக்கே நீ பண்ணினது கொலைன்னு ஒருத்தர் சொல்லி அதுக்கு பொறுப்பேத்துக்க வச்சிருந்தா உங்க அந்தப் பிள்ளைங்க பொழச்சிருக்கும்னு நான் நம்புறேன். அவன்மேல எனக்கு இரக்கம் இருக்கு, அவனை விட்டுடணும்னு நான் ஒரு நாளும் சொல்ல மாட்டேன்.

கேள்வி: அப்போ தப்பு யோடா மேலயா?

பதில்: ஜெடாய்களுக்கெல்லாம் மூத்த குரு யோடா கெட்டவர் இல்ல, ஆனா அவர் குடுத்த மருந்து இந்த நோயாளிக்கு ஒத்துவராத மருந்து. ஒன்பது வயசுல கவுன்சில் முன்னாடி நிக்கிறப்ப எப்படி இருக்குன்னு கேட்டதுக்கு குளிருதுன்னு சொல்றான், அம்மாவை இழந்துடுவோமோன்னு பயப்படுறியேன்னு யோடா கேக்குறார், அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்னு பையன் கேக்குறான், எல்லா சம்பந்தமும் இருக்கு, பயம் கோவமாகும், கோவம் வெறுப்பாகும், வெறுப்பு வேதனையில கொண்டு விடும்னு பெரிய தத்துவம் வருது. தத்துவம் சரிதான், அப்படியே பலிச்சுது. ஆனா அந்த அறையில அத்தனை பெரியவங்க இருந்தும் அம்மா இன்னும் அடிமையா இருக்காங்களே, அவங்களை மீட்டுட்டு வந்துடலாமான்னு ஒருத்தர் வாயைத் திறக்கல. அடுத்த பத்து வருஷத்துல யாரும் போனதா படத்துல காட்டல. பயத்துக்கு காரணம் உக்காந்திருக்கு, அதை விட்டுட்டு பயப்படாதேன்னு பாடம் நடத்துறாங்க.

மூணாவது எபிசோட்லயும் அதேதான். யாரோ எனக்கு நெருக்கமானவங்க சாகுற மாதிரி கனவு வருதுன்னு யோடாகிட்ட போறான், பேர் சொல்ல முடியாது, ஏன்னா ஜெடாய் கல்யாணம் பண்ணக்கூடாது. செத்தவங்களுக்காக அழாதே, அவங்களை நினைச்சு ஏங்காதே, எதை இழந்துடுவோம்னு பயப்படுறியோ அதை விட்டுடப் பழகுன்னு அவர் சொல்றார். எந்தத் துறவிக்கும் அது உயர்ந்த உபதேசம். வயித்துல பிள்ளையோட இருக்கிற பொண்டாட்டிக்காக உதவி கேட்டு வந்தவனுக்கு அது கதவை சாத்துன மாதிரிதான். பக்கத்து தெருவுல இன்னொரு கதவு தொறந்து இருந்துச்சு, அதுல பல்படீன் நின்னுட்டு இருந்தார்.

கேள்வி: வேடரை கர்ணன் கூட ஒப்பிடலாமா? ரெண்டு பேரும் தப்பான பக்கம் நின்ன நல்லவங்கதானே.

பதில்: நிறைய பேர் இதே கேட்டிருக்கீங்க. செஞ்சோற்றுக் கடன்ங்கற இடத்துல ரெண்டும் ஒட்டாது. சபையில எல்லாரும் உன் குலம் என்னன்னு கேட்டு தலைகுனிய வச்சப்ப துரியோதனன் அங்க நாட்டை குடுத்து பக்கத்துல உக்கார வச்சான், கர்ணனுக்கு அவன் நெஜமாவே நண்பன். பல்படீன் அப்படி ஒரு நாளும் இல்ல. ஒன்பது வயசுலயே பையன்கிட்ட உன் வளர்ச்சியை ஆர்வமா பாத்துட்டு இருப்போம்னு சொன்னவர், பதிமூணு வருஷம் கூடவே இருந்து குழி தோண்டினவர், கடைசியில மகன் கிடைச்சதும் அப்பாவை கொன்னுட்டு அந்த இடத்துக்கு நீ வான்னு மகனையே கூப்பிட்டவர். கர்ணனுக்கு கிடைச்சது நட்பு, இவனுக்கு கிடைச்சது வேலை.

ஆனா கவசத்துல ஒட்டும், அதுவும் தலைகீழா. கர்ணன் கவச குண்டலத்தோட பொறந்தவன், இந்திரன் வந்து கேட்டப்ப தன் உடம்புல இருந்து அறுத்துக் குடுத்தான், சாவுதான் வரும்னு தெரிஞ்சே குடுத்தான். அனாகின் வெறும் உடம்போட பொறந்து, எரிஞ்சு கரிக்கட்டையா கிடந்தப்ப அவன் மேல கவசத்தை மாட்டினாங்க, அது மூச்சு விடுற மெஷின், கழட்டினா சாவு. கடைசியில மகன்கிட்ட இந்த முகமூடியை கழட்ட உதவி பண்ணுன்னு கேக்குறான், செத்துடுவீங்கப்பான்னு லூக் பதறுறான், ஒரே ஒரு தடவை உன்னை என் சொந்தக் கண்ணால பாக்கணும்ங்கறான். ரெண்டு பேருமே கவசத்தை கேட்டு வந்தவனுக்காக இல்லாம, தான் யாருன்னு நினைச்சானோ அதுக்காக கழட்டினவங்கன்னு எனக்கு படும்.

கேள்வி: 1977லயே வேடர்தான் லூக்கோட அப்பான்னு முடிவு பண்ணிட்டாங்களா?

பதில்: முதல் படத்துல வேடர் உன் அப்பாவை கொன்னுட்டான்னு ஓபி-வான் லூக்கிட்ட சொல்றார், படமும் அப்படியே முடியுது. ரெண்டாவது படத்துக்கு லீ ப்ராக்கெட் 1978ல எழுதிக் குடுத்த முதல் டிராஃப்ட்ல லூக்கோட அப்பா தனி ஆவியா வர்றார், வேடர் வேற ஆள். அதைக் குடுத்த கொஞ்ச நாள்ல அவங்க இறந்துட்டாங்க, ஸ்டார் வார்ஸை உருவாக்கின ஜார்ஜ் லூகாஸ் தானே உக்காந்து மறுபடி எழுதினப்பதான் இந்த அப்பா மகன் விஷயம் உள்ள வந்துச்சு. ஷூட்டிங்ல வேடர் உடைக்குள்ள இருந்த நடிகர் டேவிட் ப்ரவுஸுக்கே வேற வசனம்தான் குடுத்திருந்தாங்க, ஓபி-வான்தான் உன் அப்பாவை கொன்னான்னு. நிஜ வசனத்தை அப்புறம் ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸ் குரல்ல சேத்தாங்க. அதனால லேயா சொன்ன அந்தக் கயிறு எழுதினப்ப அவன் அடிமைப் பையன்ங்கறது யார் மனசுலயும் இருந்திருக்காது, ஆனாலும் 22 வருஷம் கழிச்சு கதை தானா அங்க போய் சேந்திருக்கு பாருங்க.

கேள்வி: குளோன் வீரர்களைப் பத்தி ஏன் யாரும் பேச மாட்டேங்கறீங்க? அவங்களும் அடிமைங்கதானே?

பதில்: சரியா பிடிச்சீங்க தம்பி. ஒரே ஆள்கிட்ட இருந்து பிரதி எடுத்து போருக்குன்னே வளத்த ஆளுங்க, சம்பளம், சம்மதம் எதுவும் இல்ல, பேருக்கு பதிலா நம்பர். குளோன் வார்ஸ் தொடர்ல பின்னாடி வெளிய வரும், ஒவ்வொருத்தன் தலையிலயும் ஒரு சிப் வச்சிருந்தாங்க, பல்படீனோட உத்தரவு 66 வந்ததும் கூட நின்னு சண்டை போட்ட ஜெடாய்களையே சுட வச்சது அதுதான். உடம்புக்குள்ள எஜமான் வச்ச கருவி. டாட்டூயின்ல சின்னப் பையன் அனாகின் ஸ்கேனர் செஞ்சு தேடினது எதை? அதே பையன்தான் பெரியவனாகி இவங்களுக்கு ஜெனரலா நின்னான். நான் ஜெடாய் ஆகி இங்க திரும்பி வந்து எல்லா அடிமைங்களையும் விடுதலை பண்ற மாதிரி கனவு கண்டேன்னு முதல் எபிசோட்ல க்வை-கான்கிட்ட சொல்லுவான். அந்த கனவு மட்டும் பலிக்கல.

கேள்வி: முஸ்தஃபார்ங்கற எரிமலை கிரகத்துல நடந்த சண்டையில கை கால் போய் எரிஞ்சுட்டு இருக்கிறவனை ஓபி-வான் அப்படியே விட்டுட்டுப் போனது சரியா?

பதில்: என்னால முழுசா மன்னிக்க முடியல. நீ என் தம்பிடா, உன்னை நான் நேசிச்சேன்னு அழுதுகிட்டே சொல்றார், அது பொய் இல்ல. ஆனா நேசிச்சவன் ஒண்ணு கூட தூக்கிட்டுப் போகணும், இல்ல ஒரே வெட்டுல வலியை முடிச்சு வைக்கணும். ரெண்டும் செய்ய அவருக்கு மனசு வரல, அவனோட லைட்சேபரை, அதாவது ஒளிவாளை, மட்டும் எடுத்துட்டு நடந்துட்டார். அந்த எரியுற உடம்பை தேடி கப்பல்ல வந்து அள்ளிட்டுப் போனது பல்படீன். எந்த நிலைமையிலயும் அவனைத் தேடி வந்த ஒரே ஆள் அந்த ஆள்தான்ங்கறதை ஜீரணிக்கவே முடியல. கண் முழிச்சதும் கவசத்துக்குள்ள இருந்து அவன் கேக்குற மொத கேள்வி பத்மே எங்க, நல்லா இருக்காளா. உன் கோவத்துல நீயே அவளை கொன்னுட்டேன்னு பதில் வருது. எந்த சாவுல இருந்து காப்பாத்த எல்லாத்தையும் வித்தானோ அந்த சாவை அவன் கையாலயே நடத்தினதா நம்ப வச்சு, அதுக்கப்புறம் இருபத்து சொச்சம் வருஷம் அந்த மெஷினுக்குள்ள வேலை வாங்கினாங்க.

கேள்வி: கடைசியில பேரரசரை தூக்கிப் போட்டதால செஞ்ச பாவமெல்லாம் தீந்துடுமா? அப்புறம் அந்த இடத்துல பின்னாடி சேத்த வசனம் உங்களுக்கு பிடிக்குமா?

பதில்: தீராது. செத்தவங்க திரும்ப வரப் போறதில்ல, அதை நான் டீச்சருக்கே சொல்லிட்டேன். ஆனா அந்த சீனை கணக்கு தீக்குற சீனா நான் பாக்கல. பேரரசர் விரல்ல இருந்து மின்னல் பாயுது, லூக் தரையில உருண்டு அப்பா காப்பாத்துங்கன்னு கத்துறான். அம்மா கூப்பிட்டப்ப இவன் லேட்டா போனான், பொண்டாட்டியை இவனே கழுத்தை நெரிச்சான், இப்ப மூணாவது தடவையா ஒருத்தர் சாகப் போறாங்க, அதுவும் இவன் கண்ணு முன்னாடி. பக்கத்துல மாஸ்டர் நிக்கிறார். யாரும் உத்தரவு போடல.

1983ல வந்த படத்துல அந்த இடத்துல வேடர் ஒரு வார்த்தை பேச மாட்டான். அசையாத கறுப்பு முகமூடி மகனைப் பாக்கும், மாஸ்டரைப் பாக்கும், திரும்ப மகனைப் பாக்கும், திரும்ப மாஸ்டரைப் பாக்கும், மின்னலோட நீல வெளிச்சம் மட்டும் அந்த முகத்துல ஓடும், உள்ள என்ன நடக்குதுன்னு நமக்குத்தான் பதறும், அப்புறம் அவரை அப்படியே தூக்கிடுவான். 2011ல ப்ளூ-ரே வந்தப்ப அதுல வேண்டாம், வேண்டாம்னு அவன் கத்துற மாதிரி குரல் சேத்துட்டாங்க. எனக்கு சுத்தமா பிடிக்கல. உங்க வீட்டுல பழைய பிரதி எதாவது இருந்தா அதையே போட்டுப் பாருங்க, அந்த தலை ரெண்டு பக்கமும் திரும்புறதை மட்டும் பாருங்க, சத்தத்தை குறைச்சு வச்சுகூட பாக்கலாம்.